முன்றிலும் கொல்லையும்

வீடு கட்டுகிறவர்கள் வாயில் இன்று தவறாமல் வரும் சொல் 'எலிவேஷன்'. மனை வாங்கி, கடனுக்கு எழுதிக் கொடுத்து, இன்ஜினியர் முன்னால் போய் உட்கார்ந்தால் இரண்டு விதமான கேள்விகள் வரும். "கிச்சன் மேடை எந்தப் பக்கம் வேணும் மேடம்?" என்பது ஒன்று. "எலிவேஷன் எப்படிப் பண்ணலாம் சார்?" என்பது மற்றொன்று. நாங்கள் வீடு கட்டியபோதும் அப்படித்தான் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பல பெண்கள் வங்கிக் கடனில் பாதியைத் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டியவர்கள். அவர்கள் வீட்டிலும் வாசல், மதில், கேட், கார் நிறுத்துமிடம், முன்பக்கப் புல்தரை எல்லாம் 'சார்' கேள்விகளாகவே இருந்தன.

இந்தப் பிரிவினை நேற்று வந்ததல்ல. வீட்டின் வெளிப்புறம் என்று நாம் சொல்லும் வாசல், திண்ணை, முற்றம், வேலி, கொல்லை ஆகியவற்றின் வரலாற்றை அழகின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறார்கள். தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். யார் எங்கே உட்காரலாம், யார் எந்த வழியாக வரலாம், யார் எதுவரை வந்து நின்றுவிட வேண்டும் என்பதை மண்ணிலும் கல்லிலும் எழுதிவைத்த ஏற்பாடு அது என்ற கோணத்தில் அதைப் படித்தவர்கள் குறைவு. அந்த வெளிப்புறத்தை நாள்தோறும் கூட்டி, மெழுகி, நீர் ஊற்றிக் காத்தவர்கள் பெண்கள். அதைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இருந்ததில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

முற்றத்தில் நடந்த வேலை

'முன்றில்' என்ற சொல்லைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். 'இல்முன்' என்பது முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆயிற்று என்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டுத் தருவோம். பல ஆண்டுகளாக நானும் அதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அந்த முன்றிலில் யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எந்தத் தேர்வுத்தாளும் கேட்டதில்லை.

சங்க நூல்களில் அதற்குப் பதில் இருக்கிறது. பட்டினப்பாலையில் வரும் புகார் நகரத்துக் காட்சி புகழ்பெற்றது. அகன்ற முற்றத்தில் உணவுப் பொருள் காய்கிறது. அதைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் தம் காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை, சிறுவர்கள் உருட்டும் மூன்றுகால் தேரின் சக்கரத்தைத் தடுக்கிறது. இதைச் சோழநாட்டு வளத்துக்குச் சான்றாகக் காட்டுவதே உரை மரபு. கோழியை விரட்டப் பொன்னை எறியும் அளவுக்குச் செல்வமாம். நான் வகுப்பில் வேறொன்றையும் சேர்த்துச் சொல்வேன். பொன் குழை அணிந்த வீட்டுப் பெண்ணுக்கும் முற்றத்தில் வேலை இருந்திருக்கிறது. காயும் தானியத்துக்குக் காவல் இருப்பது வேலை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கண் வைத்திருப்பதும் வேலை.

அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு முன்றில் வருகிறது. எயினர் குடியிருப்பு. ஈந்தின் இலை வேய்ந்த குடில். பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து வருகிறார்கள். விளாமர நிழல் விழும் முன்றிலில் நிலத்திலேயே குழித்த உரலில் இட்டுக் குத்துகிறார்கள். அந்த விளாமரத்தில் மான் ஒன்று கட்டியிருக்கிறது. நிழலுக்கு மரம், அதன் கீழ் உரல், பக்கத்தில் விலங்கு என்று இடத்தை வேலைக்கு ஏற்ப அமைத்திருக்கிறார்கள். இதே பாட்டில் மறையோர் வீட்டின் வாசலும் வருகிறது. பந்தல்காலில் கன்று கட்டியிருக்கிறது. தரை மெழுகியிருக்கிறது. கோழியும் நாயும் அங்கே நெருங்குவதில்லை. மெழுகியது யார் என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் வீட்டின் முன்பக்கத்தைக் கொண்டே அது யார் வீடு என்று அடையாளம் காட்டும் பழக்கம் அப்போதே இருந்தது என்பது தெரிகிறது.

செடிகளைப் பொறுத்தவரை சங்கப் பாடல்களில் பெண்களின் கை அழுத்தமாகத் தெரிகிறது. ஐங்குறுநூற்றில் மனையில் நட்ட வயலைக் கொடி வேழத்தைச் சுற்றிப் படர்கிறது. நற்றிணையில் வீட்டில் வளர்ந்த வயலையைக் கன்று ஈன்ற பசு தின்றுவிட, சிறுமி பந்தையும் பாவையையும் வீசிவிட்டு அழுகிறாள். வேறொரு நற்றிணைப் பாடலில் விளையாட்டாக மணலில் புதைத்த புன்னை விதை முளைத்து மரமாகிறது. பாலும் நெய்யும் விட்டு வளர்க்கிறார்கள். அது உனக்குத் தங்கை என்கிறாள் தாய். அந்த மரத்தின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள் பெண்கள். ஊரே உறங்கியபின், வீட்டருகே நொச்சிப் பூ உதிரும் ஓசையைக் கேட்டபடி ஒருத்தி விழித்திருப்பதைக் குறுந்தொகை சொல்கிறது.

மரத்தை உறவாகவும் பூ உதிர்வதை ஓசையாகவும் அறிந்த ஒருத்திக்கு அந்த நிலத்தின்மேல் என்ன உரிமை இருந்தது? தமிழே ஒரு குறிப்புத் தருகிறது. 'மனை' என்ற சொல்லிலிருந்து 'மனைவி' வந்தது. மனைக்கு உரியவளாக அவளைச் சொன்னோம். மனை அவளுக்கு உரியது என்று சொல்ல ஒரு சொல்லை உண்டாக்கவில்லை. 'இல்லாள்' என்றால் இல்லத்துக்கு உரியவள். 'இல்லான்' என்றால் ஒன்றும் இல்லாதவன். வீட்டை ஆணோடு ஒட்டவைக்கும் ஒரு சொல் ஏன் தேவைப்படவில்லை என்றால், அவன் அதன் சொந்தக்காரன் என்பது சொல்லாமலே விளங்கியது.

திண்ணை

திண்ணை பழைய சொல். பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. வழிப்போக்கர் படுக்கலாம், வெயிலுக்கு ஒதுங்கலாம், தெருவும் வீடும் கலக்கும் இடம் என்று அதைப் புகழ்ந்து எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அடுக்குமாடியில் வாழும் நமக்குத் திண்ணை ஓர் ஏக்கம். அந்த ஏக்கத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்தது யார்?

கணக்குப் பார்த்தவர்கள், வட்டிக்குக் கொடுத்தவர்கள், பஞ்சாயத்துப் பேசியவர்கள், வெற்றிலை போட்டபடி அரசியல் பேசியவர்கள். விடியுமுன் எழுந்து அதைச் சாணியால் மெழுகியவள், ஆண்கள் எழுந்து வெளியே வருவதற்குள் உள்ளே போயிருக்க வேண்டும். "வாசல்ல என்னடி வேலை?" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் என் தலைமுறையிலும் குறைவு. திண்ணையில் ஆண்கள் பேசியது 'திண்ணைப் பேச்சு'. அதே ஊர்ச் செய்தியைக் கிணற்றடியில் பெண்கள் பேசினால் அது 'வம்பு'.

திண்ணைதான் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்டங்களிலும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்ற தொகை வருகிறது. மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று கணக்கிட்ட மன்றோ, பள்ளியில் படிக்கும் பெண்கள் மிகச் சிலரே என்பதால் இதை ஐந்நூறு பேருக்கு ஒரு பள்ளி என்று கொள்ளலாம் என்கிறார். கணக்கு சரிதான். பெண்களைக் கழித்துவிட்டால் விகிதம் இரட்டிப்பாகிறது. திண்ணையின் பெருமையைப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கழித்தல் நினைவுக்கு வரும்.

செட்டிநாட்டு வீடுகள் இந்தப் பிரிவினையை விரிவாகக் கட்டிக் காட்டுகின்றன. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம். முன்னால் திண்ணையும் முகப்பும். அங்கே ஆண்களின் தொழிலும் விருந்தினர் வரவேற்பும். பிறகு வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் தோட்டம். பின்னே போகப் போகப் பெண்களின் உலகம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஆண்கள் ஆண்டுக்கணக்கில் ஊரில் இருக்கமாட்டார்கள். வீட்டை, நெல்லை, வேலையாட்களை, பிள்ளைகளை, கல்யாணங்களை நடத்தியவர்கள் பெண்கள். ஆள் இல்லாமல் கிடந்தாலும் முகப்பு அவனுடையது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் இதுவரை பேசியது ஓடும் தூணும் உள்ள வீடுகளைப் பற்றி. கூலி வேலைக்குப் போன பெண்களின் ஓரறை மண்வீட்டில் திண்ணைதான் அடுப்படி, திண்ணைதான் படுக்கை. அவர்கள் வெளியே உட்கார்ந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் வேறு தடைகளுக்குள் இருந்தார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதி திராவிடர்கள்மேல் ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை அறிவித்ததை ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. அறிவித்தவர்களுக்குக் கீழ்ப்படிய மறுத்தபோது குடிசைகள் எரிக்கப்பட்டன. வீட்டோரம் ஒரு செடி வளர்க்கலாம், அதன் பூவைத் தலையில் வைக்க முடியாது என்றால் அந்தத் தோட்டம் யாருக்கு? திருவிதாங்கூரில் சாணார் மக்கள் மாடிவீடு கட்டத் தடை இருந்ததையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். வீட்டின் தோற்றத்தை இன்ஜினியருக்கு முன்பே சாதி வரைந்து வைத்திருந்தது.

கொல்லை

வாசலைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குக் கொல்லைப்புறத்தைப் பற்றி எழுதப்படவில்லை. தமிழ் வீடுகளின் உண்மையான தோட்டக்கலை அங்கேதான் நடந்தது.

கிணற்றடி, துவைகல், பாத்திரம் தேய்க்கும் இடம், அதிலிருந்து ஓடும் நீர், அந்த நீர் போய்ச் சேரும் இடத்தில் வாழை, கல்வாழை, சேம்பு. ஒரு பக்கம் முருங்கை, கறிவேப்பிலை. வேலியில் தூதுவளை, பிரண்டை, அவரைக் கொடி. மூலையில் நொச்சி, ஆடாதொடை. பூசணியும் சுரையும் கூரைமேல் ஏறும். கழிவுநீரை எங்கே விட்டால் எது செழிக்கும், எந்த மரத்தின் வேர் சுவரைப் பிளக்கும், எதைக் கிணற்றருகே வைக்கக் கூடாது என்பதெல்லாம் அனுபவத்தில் சேர்ந்த அறிவு. விதைகளைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தார்கள். சாணத்தோடு சேர்த்துச் சுவரில் தட்டினார்கள். முருங்கைப் போத்தும் மல்லிகைப் பதியனும் ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து இன்னொரு வீட்டுக் கொல்லைக்குப் போயின. கல்யாணமாகிப் போன ஊருக்குச் செடி கொண்டுபோன பெண்கள் எத்தனை பேர்! இன்று 'கழிவுநீர் மறுசுழற்சி', 'மூலிகைத் தோட்டம்' என்று பணம் வாங்கிக்கொண்டு அமைத்துத் தரும் விஷயங்கள் இவை. அப்போது அதற்குப் பெயர் கிடையாது. 'அம்மா பின்னாடி இருக்கா' என்பதோடு சரி.

அதே கொல்லை தண்டனை இடமாகவும் இருந்தது. மாதவிலக்கு நாட்களில் 'வீட்டுக்குத் தூரம்' என்று பெண்கள் ஒதுக்கிவைக்கப்பட்ட அறை, தாழ்வாரம், மாட்டுக்கொட்டிலின் ஓரம் எல்லாம் அங்கேதான். அந்த மூன்று நாளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தனி வழி. வீட்டு வரைபடத்தில் எழுதாத அறை அது.

கொல்லைக்கும் பின்னே ஒரு சந்து இருந்தது. பழைய நகரங்களிலும் பல அக்கிரகாரங்களிலும் வரிசை வீடுகளின் பின்னால் அந்தச் சந்து ஓடும். எடுப்புக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்காக விட்ட வழி. வாளியும் துடைப்பமும் தகரமுமாக அந்த வழியில் வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். முன்வாசலில் கோலம் போட்டவள் பின்வாசலில் இவளுக்குத் தண்ணீர் ஊற்றினாள், உயரத்திலிருந்து. இருவரும் பெண்கள் என்பதால் அந்த உயரம் குறைந்துவிடவில்லை. கொல்லையைப் பெண்களின் இடம் என்று நாம் கொண்டாடும்போது இந்தச் சந்தை விட்டுவிட்டுக் கொண்டாட முடியாது. எடுப்புக் கழிப்பறை கட்டுவதையும் மனிதக் கழிவை மனிதரை வைத்து அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

முடுக்கும் பொட்டும்

தீர்மானிக்கும் உரிமை இல்லாத இடத்திலும் பெண்கள் தங்களுக்கென்று வழிகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். இரண்டு கடற்கரைகளிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள்.

காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே 'முடுக்கு' என்னும் ஒடுங்கிய சந்துகள் உண்டு. பெரிய தெருவில் இறங்காமல் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர அவை உதவின. அங்கே வீடு பெரும்பாலும் பெண்மக்களுக்குப் போகிறது. மணமானபின் கணவன் மனைவி வீட்டுக்கு வருகிறான். வீடு அவளுடையது. ஆனாலும் தெரு அவனுடையது, முடுக்குதான் அவளுடையது. சொத்துரிமையும் நடமாடும் உரிமையும் தானாகவே சேர்ந்து வந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் உயிர்வேலிக் கதியால்களாக நிற்க, பின்னிய தென்னோலைக் கிடுகை அடைத்துக் கட்டுவார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியாத இந்த ஏற்பாட்டை வைத்தே அந்தச் சமூகத்தின் இறுக்கத்தை 'கிடுகுவேலிக் கலாசாரம்' என்று விமர்சிக்கிறார்கள். அந்த வேலியில் ஒரு 'பொட்டு' இருக்கும். பக்கத்து வளவுக்குப் போக ஆள் நுழையும் அளவுக்கு விட்ட இடைவெளி. கறிவேப்பிலையும் கடனும் செய்தியும் கண்ணீரும் அந்தப் பொட்டு வழியாகப் போய்வந்தன. படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள். பொட்டு வழியாகப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அங்கும் வீடு சீதனமாகப் பெண் பெயருக்கு எழுதப்படும். டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் தொடர்ச்சியாக, பிரிட்டிஷ் காலத்தில் 1911இல் ஓர் ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன்படி மணமான பெண் தன் பெயரில் உள்ள நிலத்தையோ வீட்டையோ விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உறுதியில் அவள் பெயர், விற்க அவன் கையெழுத்து. வேலியைப் போலவே அந்த உறுதியும் அவளைச் சுற்றிக் கட்டப்பட்டது.

தோட்ட வீடு

இன்றைய 'எலிவேஷன்', திண்ணையிலிருந்து நேரடியாக வளர்ந்ததல்ல. நடுவில் இன்னொரு மாதிரி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டைக்குள் நெருக்கியடித்து இருந்த கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் வெளியே பரந்த நிலத்தில் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். 1753இல் கம்பெனி ஒரு தோட்ட வீட்டை ஆளுநருக்காக வாங்கியது. அதை விற்றவர் அந்தோனியா தி மதெய்ரோஸ் என்ற பெண், சென்னைப் போர்ச்சுகீசிய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த இடம்தான் பின்னாளில் அரசினர் தோட்டம். மெட்ரோ நிலையத்தின் பெயராக அது இன்றும் இருக்கிறது. ஆளுநர்களின் பெயர்கள் தெருக்களுக்குப் போயின. விற்ற பெண்ணின் பெயர் பத்திரத்தோடு நின்றுவிட்டது.

தோட்ட வீடு மூன்று விஷயங்களைக் கற்றுக்கொடுத்தது. வீடு தெருவை ஒட்டி நிற்கக் கூடாது, உள்ளே தள்ளி நிற்க வேண்டும். நடுவில் பசும்புல் இருக்க வேண்டும். அதைப் பராமரிக்கிறவர்கள் கண்ணில் படாத மூலையில் குடியிருக்க வேண்டும். 1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுச் செடிகளும் மலர்களும் பரவ அது வழி செய்தது. மெல்ல வக்கீல்களும் அதிகாரிகளும் பங்களாவுக்குக் குடிபோனார்கள். 1920களில் தியாகராய நகர் உருவானபோது வரிசை வீட்டின் இடத்தைத் தனி மனை பிடித்துக்கொண்டது. திண்ணை போய்ப் போர்ட்டிகோ வந்தது.

திண்ணை மறைந்ததில் பெண்கள் இழந்தது குறைவு. அது அவர்களுடையதாக இருந்ததில்லை. கொல்லை மறைந்ததில் இழந்தது அதிகம். மதிலுக்குள் அடைந்த பங்களாவில் முன்பக்கம் காட்சிக்கு என்று ஆனது. பின்பக்கம் சுருங்கிச் சுருங்கி, இன்றைய அரை கிரவுண்டு மனையில் வாஷிங் மெஷின் வைக்கும் மூன்றடி இடமாக நிற்கிறது.

பேவர் பிளாக்

இன்று புது வீட்டின் முன்பக்கம் என்ன? கிரானைட் படி, இரும்புக் கேட், தரை முழுக்கப் பேவர் பிளாக், ஓரத்தில் ஒரு முழம் கொரியன் புல், தொட்டியில் நான்கு அலங்காரப் பனை, மதில்மேல் விளக்கு. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. இலை விழாது, சேறு ஆகாது. "கூட்டுற வேலை மிச்சம்" என்று சொல்லி விற்கிறார்கள். அந்த மிச்சம் உண்மை என்பதை நான் மறுக்கமாட்டேன். காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்த தலைமுறையின் இடுப்புவலி எனக்குத் தெரியும். மண்வாசல்தான் மரபு என்று பேசுகிறவர்களில் பலர் அதைக் கூட்டியவர்கள் அல்லர்.

ஆனால் அந்தத் தரைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிமெண்டில் பதித்து இடுக்கை அடைத்த தரை மழையைக் குடிக்காது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அந்தக் குழாய் காட்சிக்கு இருக்கிறது. குழி மண்மூடிக் கிடக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டன. அந்த ஜூன் மாதத்தில் நாளிதழ்களில் வந்த படங்களைப் பாருங்கள். லாரியின் முன்னால் வண்ண வண்ணமாகப் பிளாஸ்டிக் குடங்கள், குடங்களின் பின்னால் பெண்கள். முன்பக்கத் தரையை முடிவு செய்தது 'சார்'. நிலத்தடி நீர் இறங்கினால் குடம் தூக்குவது பெண், அதிலும் மதிலும் கேட்டும் இல்லாத வீட்டுப் பெண்.

வேலையும் முற்றாகப் போய்விடவில்லை, கை மாறியிருக்கிறது. பெரிய குடியிருப்பு வளாகங்களில் காலை வேளையில் புல்தரையில் குந்தியபடி களை பறிக்கும் பெண்களைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் வயலில் களை பறித்தவர்கள், அல்லது அவர்களின் மகள்கள். புல்தரையின் ஓரத்தில் பெஞ்சுகள் உண்டு. அவர்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

பத்திரம்

வெளிப்புறத்தைத் தீர்மானிக்கும் உரிமை கடைசியில் மனையின் உரிமையில்தான் வந்து நிற்கிறது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு கொடுத்தது. கூடவே 23ஆம் பிரிவு என்று ஒன்றையும் வைத்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது. மகள் அங்கே குடியிருக்கலாம். அதுவும் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்தவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருந்தால் மட்டும். மணவாழ்க்கையில் இருக்கும் மகளுக்குப் பிறந்த வீட்டில் தங்கும் உரிமைகூடச் சட்டத்தில் இல்லை.

தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தி மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் 23ஆம் பிரிவு நீக்கப்பட்டது. பிறந்த வீட்டில் எனக்கும் இடம் உண்டு என்று நீதிமன்றத்தில் பிரித்துக் கேட்க, என் தலைமுறைப் பெண்கள் அந்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்டவர்களை 'அண்ணன் தம்பி உறவை அறுத்தவள்' என்று ஊர் சொன்னது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மா வைத்த மாமரத்தை ஆண்டுக்கு ஒருமுறை விருந்தாளியாகப் போய்ப் பார்த்து வருகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

வாசல் பேசியபோது

2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வாசல்களில் கோலம் போட்டவர்கள் சிலரைக் காவல்துறை பிடித்து வைத்தது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் பெண்கள் தங்கள் வீட்டு வாசலில் அதே சொற்களைக் கோலமாகப் போட்டார்கள். நூற்றாண்டுகளாகக் கோலம் பெண்ணின் பொறுமைக்கும் குடும்ப மங்கலத்துக்கும் அடையாளமாகப் பாராட்டப்பட்டது. அதில் ஓர் அரசியல் கருத்து வந்ததும் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆயிற்று. வாசலை அலங்கரிக்கலாம், வாசலிலிருந்து பேசக் கூடாது என்ற பழைய விதியை அன்று காவல்துறை நினைவூட்டியது. அந்தப் பெண்கள் அதை ஏற்கவில்லை.

வீடு கட்டப் போகும் பெண்களிடம், கட்டிய வீட்டில் வாழ்கிறவர்களிடமும், சில கேள்விகளை வைக்க விரும்புகிறேன். பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா? வாசல் பக்கம், தெருவைப் பார்த்து, கையில் வேலை எதுவும் இல்லாமல் நீங்கள் உட்கார ஓர் இடம் வரைபடத்தில் இருக்கிறதா? உங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறவர் எந்த வாசல் வழியாக வருகிறார், களைத்தால் எங்கே உட்காருகிறார்? முன்பக்கத்தில் மழை இறங்க எத்தனை அடி மண் விட்டிருக்கிறீர்கள்? அந்த மண்ணில் எதை நடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இவை அழகைக் கெடுக்கும் கேள்விகள் அல்ல. ஒரு சிமெண்டு பெஞ்சுக்கும் ஒரு நொச்சிக் கன்றுக்கும் கிரானைட் படியின் செலவு ஆகாது. ஆனால் அவற்றை எங்கே வைப்பது என்று இன்ஜினியர் கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.